சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை: வீட்டுக் காரும் பந்தயக் காரும்

தென்னேரிக்குப் பெயர் தந்தது அதன் ஏரி. திரையன் ஏரி என்பதே நாளடைவில் தென்னேரி என மருவியது என்பர். தொண்டைமான் இளந்திரையனோடு அந்த ஏரியைச் சேர்த்துச் சொல்வது இப்பகுதியின் மரபு. இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் உமணரின் உப்பு வண்டியை ஒரு தச்சரின் பார்வையோடு உறுப்பு உறுப்பாக வருணித்திருக்கிறார். வகுப்பில் அந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் ஒன்று நினைவுக்கு வரும். சங்க இலக்கியத்தில் தேரும் சகடமும் வேறு வேறு உலகங்களைச் சேர்ந்தவை. தேர் விரைவுக்கு, சகடம் சுமைக்கு. தலைவன் தேரில் விரைந்து வருவான், உமணன் குடும்பத்தோடு சகடத்தில் மெல்ல நகர்வான். ஒருவனே இரண்டையும் வைத்திருந்து, வாரநாளில் உப்பு ஏற்றி விடுமுறை நாளில் விரைவோட்டம் காட்டியதாக நான் படித்ததில்லை.

இந்த நினைப்புக்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் தமிழ் படித்த பிள்ளைகளில் சிலர் இப்போது ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் ஆலைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "சார், வாரம் பூரா வேலைக்குப் போகணும், ஞாயித்துக்கிழமை டிராக்ல ஓட்டணும். ரெண்டுக்கும் சேத்து ஒரே வண்டியா எது எடுக்கலாம்?" கையில் இருக்கும் சேமிப்புக்குப் பழைய கார் ஒன்றுதான் வாங்க முடியும். கார் வாங்குவதில் எனக்கு நிபுணத்துவம் இல்லை. ஆனால் இக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் அறுபது எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. ஆங்கில மோட்டார் பத்திரிகைகளில் மட்டும் சிதறிக் கிடக்கும் அவ்வரலாற்றைத் தமிழிலும் ஓரளவு எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. (மகிழுந்து என்று எழுதவில்லையே எனத் தனித்தமிழ் அன்பர்கள் வருந்த வேண்டாம். பந்தயத்தில் ஓடுவதை மகிழுந்து என்றால் ஓட்டுபவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.)

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போரின்போது ஒரு விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன, தளம் கிடந்தது. 1953ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் கண்ணில் அது பட்டது. ஐம்பதுகளிலிருந்து எண்பதுகளின் இறுதி வரை இந்தியாவில் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம் என்றே பொருள். ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற தடம். விமானம் ஏறி இறங்கப் போட்ட தளமாதலால் நேர்ப்பாதைக்குக் குறைவில்லை, வளைவுகளுக்குத்தான் பஞ்சம். ஆகவே நேரே விரைந்து, கடைசி நொடியில் பிரேக்கை மிதித்து, கூரிய திருப்பத்தில் காரைத் திருப்பி, மீண்டும் விரைவதே அங்கே வித்தை. எஞ்சினும் பிரேக்கும் வலுவாக இருந்தால் பாதிப் பந்தயம் கையில்.

கோண்டல் மகாராஜா போன்ற சமஸ்தானத்தாரும் பெருந்தொழிலதிபர்களும் அங்கே வெளிநாட்டுக் கார்களோடு வந்தார்கள். எண்பதுகளில் விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன்று போட்டிகளில் முன்பு ஓடிய என்சைன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். அவையெல்லாம் தேர்கள். கூட்டம் அவற்றைப் பார்க்க வந்தது உண்மை. ஆனால் அந்தப் பந்தயங்களின் உயிர் வேறிடத்தில் இருந்தது என்பது என் கருத்து. ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று அன்றாடத் தெருவில் ஓடிய கார்களின் பந்தயத்தில்தான் அது இருந்தது. உரிம ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் வாங்கக் கிடைத்தவை ஏறத்தாழ இம்மூன்றே. அவற்றுக்கும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். இறக்குமதிக் காருக்கு வரியும் அனுமதியும் சுவராக நின்றன. ஸ்போர்ட்ஸ் கார்களில் எதைத் தேர்வது என்ற கேள்வியே அன்று எழ முடியாது. குடும்பம் விட்டுக்கொடுக்கும் காரை எவ்வளவு தூரம் பந்தயக் காராக்கலாம் என்பதே கேள்வி.

மூன்றிலும் எதைத் தேர்வது? அம்பாசடருக்கு 1489 சிசி எஞ்சின், மூன்றிலும் பெரியது அதுவே. ஆனால் உடலும் பெரியது. திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து திருமண ஊர்வலம் போலத்தான் வரும். ஃபியட் 1100, பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது, 1089 சிசிதான். ஆனாலும் எடை குறைவு, எஞ்சின் வேகமாகச் சுற்றத் தயங்காது. மெக்கானிக்குகள் அதன் சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள், இரட்டைக் கார்புரேட்டர் பொருத்துவார்கள், ஸ்பிரிங்கைத் தாழ்த்துவார்கள், பின்னிருக்கையைக் கழற்றி எடையைக் குறைப்பார்கள். இவை எதற்கும் வெளிநாட்டு உதிரிபாகம் அவசியமில்லை, நல்ல கடைசல் பட்டறை ஒன்று போதும். மறுபடி இருக்கையை மாட்டினால் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகலாம். இந்தியப் பந்தய வரலாற்றில் ஃபியட்டுக்கு இருக்கும் இடம் இத்தாலிய வடிவமைப்பாளர் எண்ணிப் பார்த்திராதது.

ஹெரால்டின் கதை இன்னும் சுவையானது, அது நம் ஊர்க் கார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். சென்னையை அடுத்து, வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961ல் அதை இங்கே கொண்டுவந்தது. 948 சிசி, முதலில் இரண்டே கதவு. சட்டகம் தனி, மேலுடல் தனியாகப் போல்ட்டில் முடுக்கப்பட்டது. முன்மூடி முழுவதும் மூக்குப் பக்கமாகத் திறந்து எஞ்சின் மொத்தமும் கைக்கு எட்டும். 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். இதே சட்டகத்தைச் சுருக்கித்தான் இங்கிலாந்தில் 1962ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதாவது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எலும்புக்கூடு சென்னைத் தெருக்களில் டாக்டர்களையும் வக்கீல்களையும் சுமந்து திரிந்தது. கூரையைப் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம் என்பதால் அதைத் திறந்த காராக்கி ஓட்டியவர்களும் உண்டு.

அதன் குறையும் அங்கேதான். பின்சக்கரங்கள் இரண்டும் நடுவிலிருந்து சிறகு போல ஏறி இறங்கும் அச்சில் இருந்தன. சாதாரண வேகத்தில் குழி மேடு தெரியாது, சுகமான சவாரி. வளைவில் வேகமாகப் போய் நடுவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்நோக்கி மடியும், பிடிப்பு ஒரு கணத்தில் போய்விடும். சாலையில் நல்ல பெயர் வாங்கித் தந்த அதே உறுப்பு தடத்தில் காலை வாரியது. பின்னர் கெசல் என்ற பெயரில் நான்கு கதவோடு வந்த வடிவத்தில் அந்த அமைப்பை நீக்கிச் சாதாரண ஒற்றை அச்சை வைத்தார்கள். பாதுகாப்பு கூடியது, சவாரி சுகம் குறைந்தது. இரண்டும் வேண்டும் என்று கேட்ட மாணவருக்கு நான் முதலில் சொன்ன கதை இதுதான்.

இதற்கு நேரெதிரான கதை ஒன்றும் இருக்கிறது. 1982ல் பெங்களூரின் சிபானி நிறுவனம் டால்ஃபின் என்ற சிறு காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரின் இந்திய வடிவம். கண்ணாடி இழையால் ஆன உடல், 848 சிசி அலுமினிய எஞ்சின், இரண்டு கதவு. இறகு போன்ற எடை. அந்த எடைக்கு அந்த எஞ்சின் தாராளம். சோழவரத்திலும் ராலிகளிலும் டால்ஃபின் பெயரெடுத்தது, தன்னைவிடப் பெரிய கார்களுக்குச் சவால் விட்டது. கடையில் மட்டும் விலைபோகவில்லை. இந்தியக் குடும்பத்துக்கு நான்கு கதவு வேண்டும். முன்னிருக்கையை மடக்கிப் பாட்டியைப் பின்னால் ஏற்றுவது எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காரியமன்று. கண்ணாடி இழையைத் தட்டி நிமிர்த்தவும் முடியாது, நம் ஊர்த் தகரக் கடைக்காரர் கைவிரிப்பார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நான்கு கதவு, தகர உடல், அரசின் ஆதரவு, ஜப்பானியக் கட்டுமானம். சிபானி சில ஆண்டு கழித்து நான்கு கதவு வைத்து மோன்டானா என்று பெயர் மாற்றிப் பார்த்தது. காலம் கடந்துவிட்டது. தடத்தில் வென்று சாலையில் தோற்ற கார் என்று இந்தியாவில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது டால்ஃபின்தான்.

மாருதி வந்த பின்தான் தேரும் சகடமும் நம்மூரில் முறையாகப் பிரிந்தன. பிரித்தவர்களில் முதன்மையானவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த அவர் தாமே பந்தய வீரர், தாமே கார் கட்டுபவர். 796 சிசி மாருதி எஞ்சினை எடுத்து, ஒரே ஒருவர் அமரும், கூரையில்லாத, சக்கரங்கள் வெளியே தெரியும் சிறிய பந்தயக் காரில் வைத்தார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். எஞ்சின் மட்டும் வீட்டுக் காருடையது, மற்றதெல்லாம் பந்தயத்துக்கென்றே செய்தது. அதை ஓட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போக முடியாது. எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார் என்பதால் பணத்தின் ஆட்டம் குறைந்து கையின் திறமை தெரிந்தது. நரேன் கார்த்திகேயன் அந்தக் கார்களில் தொடங்கியவர். 2005ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியராக அவர் ஆனதைக் கரிவரதன் பார்க்கவில்லை. 1995லேயே சிறு விமான விபத்தில் மறைந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003ல் அமைந்த தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. தமிழ்நாட்டின் தொழில்வரலாறு எழுதுவோர் அவருக்கு ஒரு அத்தியாயமாவது ஒதுக்க வேண்டும். ஒரு பத்தி ஒதுக்கியவர்களைக்கூட நான் அதிகம் கண்டதில்லை.

சோழவரத்தின் ஓடுதளம் இரவல் இடம். கிளப் தனக்கென நிலம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் தடம் கட்டி 1990ல் திறந்தது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். விமானத் தளத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இங்கே வளைவுகள் ஒன்றையொன்று தொடர்கின்றன. எஞ்சின் வலுவை மட்டும் நம்பி வந்தவர்கள் இங்கே திணறினார்கள். சமநிலையான, எடை குறைந்த கார்களுக்குக் காலம் பிறந்தது. ஆறேழு ஆண்டு கழித்துப் பக்கத்திலேயே ஹூண்டாய் ஆலை எழுந்தது. 1998ல் முதல் சான்ட்ரோ அங்கிருந்து வெளிவந்தது. தென்னேரியிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் கார் செய்யும் இடமும் கார் பறக்கும் இடமும் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவதற்குள் எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் நுழைந்தார்கள். இரண்டாவதன் சுவருக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியும் இரண்டாயிரத்தின் முதற்பத்தாண்டும், ஒரே காரில் இரண்டு வேலையும் செய்ய நினைத்தவர்களுக்கு நற்காலம் எனலாம். மாருதி எஸ்டீம், ஹோண்டா சிட்டியின் விடெக் எஞ்சின் கொண்ட வடிவம், மறைமலைநகரில் ஃபோர்டு செய்த ஐகான் 1.6 ஆகியவை கிடைத்தன. விளம்பரத்தில் எவையும் ஸ்போர்ட்ஸ் கார்கள் அல்ல, பின்னால் பெட்டி வைக்க இடமுள்ள குடும்பக் கார்கள். ஆனால் எஸ்டீம் எடை குறைவு, சிட்டியின் எஞ்சின் உயர் சுழற்சியில் பாடும், ஐகானின் ஸ்டியரிங் கைக்குத் தகவல் சொல்லும். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பிறந்த ஐகானை இம்மண்ணின் ஸ்போர்ட்ஸ் கார் என்று நான் சொன்னால் மிகை என்பீர்கள். சொல்லி வைக்கிறேன். பிறகு 2010ல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் போலோ கார்களை மட்டும் கொண்டு பந்தயத் தொடரே நடத்தியது. 2013ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் எஞ்சினில் 105 குதிரைத்திறன் தந்து, இன்றும் பழைய கார்ச் சந்தையில் இளைஞர்கள் தேடும் பெயராக இருக்கிறது.

ஒரே காரில் இரண்டும் என்ற மரபுக்குச் சட்டம் வைத்த முற்றுப்புள்ளி பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000ல் திருத்தப்பட்டது. உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சோழவரத்து ஃபியட்டின் சீவிய ஹெட்டும் தாழ்த்திய ஸ்பிரிங்கும் இன்று சாலைக்கு வந்தால் வழக்குக்கு இடம் தரும். அதே ஆண்டுத் திருத்தத்தில், பொதுச்சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவதற்கான 189ஆம் பிரிவின் தண்டனையும் உயர்ந்தது. முன்பு ஒரு மாதச் சிறை அல்லது 500 ரூபாய். இப்போது மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஓராண்டு வரை, 10,000 வரை. காப்பீட்டு ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பவர் குறைவு. வழக்கமான மோட்டார் பாலிசிகளில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் இழப்பீடு கிடையாது என்ற வரி இருக்கும்.

சட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. வாலாஜாபாத் சாலையில் மாலை நேரத்தில் சைலன்சர் மாற்றிய வண்டிகள் சீறும்போது ஓரமாக ஆட்டை ஓட்டிச் செல்லும் கிழவியின் நிலையைப் பார்த்தவர் யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு விளைவு மட்டும் உறுத்துகிறது. அன்று ஒரு பட்டறைக்காரரும் ஒரு எழுத்தரும் சேர்ந்து ஒரு ஃபியட்டைக் கூர்தீட்டி சோழவரத்துக்குப் போகலாம். இன்று தடத்துக்கென்று தனிக் கார், அதை ஏற்றிச் செல்ல லாரி, தனி டயர், தனி மெக்கானிக் என்று பிரிந்துவிட்ட நிலையில், அந்த எழுத்தரின் மகனுக்கு மிஞ்சியிருப்பது நெடுஞ்சாலைதான்.

மேல்தட்டிலும் இப்பிரிவு துல்லியமாகத் தெரிகிறது. போர்ஷே நிறுவனத்தின் 911 ஜிடி3 காருக்கு எண்தகடு உண்டு, விளக்கு உண்டு, குளிர்சாதனம் உண்டு, சாலையில் ஓட்டலாம், தடத்திலும் ஓட்டலாம். அதன் உடன்பிறப்பான ஜிடி3 கப், பந்தயத்துக்கு மட்டுமே. வரிப்பள்ளம் இல்லாத வழுக்கு டயர், இரும்புக் கூண்டு. சாலையில் அதற்கு உரிமமே இல்லை. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது போர்ஷே கப் காரில்தான். ஒரே காரில் இரண்டும் என்ற ஆசைக்கு உலகின் ஆகச் சிறந்த விடைகளில் ஒன்று ஜிடி3 என்று அறிந்தவர் சொல்வர். ஆனால் இறக்குமதி வரியையும் சேர்த்தால் அந்த விடை தென்னேரிக்கு வந்து சேராது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் இக்கதையில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளே 3.5 கிலோமீட்டர்ப் பந்தயத்தடமாக மாற்றப்பட்டு, இரவு விளக்கொளியில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. முந்தைய டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போயிருந்தது. வழக்குகளும் விவாதங்களும் நிறைய. தடத்துக்குள் தெருநாய் ஒன்று புகுந்ததும் செய்தியானது. சாலை என்பதை நாய் மறக்கவில்லை.

மாணவரின் கேள்விக்கு வருகிறேன். தடத்துக்கு நல்லது எதுவோ அது பெரும்பாலும் சாலைக்குத் தொல்லை. கெட்டியான ஸ்பிரிங் வளைவில் காரைச் சாயாமல் நிறுத்தும், வேகத்தடை நிறைந்த நம் சாலையில் முதுகெலும்பை எண்ண வைக்கும். இரும்புக் கூண்டு தடத்தில் உயிர் காக்கும், தலைக்கவசம் இல்லாமல் சாலையில் ஓட்டும்போது சிறு மோதலில் அதுவே மண்டையை உடைக்கும். ஆகவே காரைத் தேர்ந்த பின் எதை மாற்றக் கூடாது என்பதில்தான் கவனம் வேண்டும். எடை குறைந்த, உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் சிறு கார் ஒன்று போதும். எஞ்சினைத் தொட வேண்டாம், ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். நல்ல டயர், நல்ல பிரேக், இவை இரண்டுக்கும் பணம் போகட்டும்.

பிரேக்கைப் பற்றி மட்டும் அவரிடம் கொஞ்சம் நீளமாகப் பேசினேன். தடத்தில் ஒரு சுற்றுக்குப் பலமுறை முழு பலத்தோடு மிதிக்கும்போது பிரேக் ஆயில் கொதிநிலையை நெருங்குகிறது. டாட் 4 வகை ஆயிலின் தரம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறியபின் 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். ஏரிக்கரை ஊரில் மழைக்காலம் முழுவதும் நின்ற காரை அப்படியே தடத்துக்குக் கொண்டுபோனால் ஐந்தாறு சுற்றில் ஆயில் குமிழியிட்டு, மிதித்த கால் தரை வரை போகும். ஆகவே தடத்துக்குப் போவதற்கு முந்தைய வாரம் ஆயிலை மாற்ற வேண்டும். பந்தயத்துக்கென்று விற்கும் பிரேக் பேடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் பல சூடேறினால்தான் பிடிக்கும். ஞாயிறு மாலை அவற்றைக் கழற்றிப் பழைய பேடுகளை மாட்டிவிட்டுத்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து புறப்பட வேண்டும். சோம்பலில் அப்படியே கிளம்பினால், நெடுஞ்சாலையில் காற்றுப் பட்டுக் குளிர்ந்த அந்த பேடுகளோடு சுங்குவார்சத்திரம் கூட்டுச்சாலையில் முதல்முறை பிரேக்கை மிதிக்க நேரும். அங்கே குறுக்கே வருவது ஆலைப் பேருந்தாகவும் இருக்கலாம், அந்த ஆட்டுக்காரக் கிழவியாகவும் இருக்கலாம்.